கோழி டாக்டரும் குஞ்சக்காது வஷக்கும்

ஷார்ஜா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி. பாக்கெட்டின்மேல் கம்பெனி பெயர் கிடையாது. என் கோணல் கையெழுத்தில் 'சாம்பிள்' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும், இவன் கடத்தல்காரன்தான் என்று அதிகாரிக்கு முன்னால் எனக்கே நிச்சயமாகிவிட்டது.

என்ன இது என்று கேட்டார். வைட்டமின் என்றேன். யாருக்கு என்றார். கோழிக்கு என்றேன். அவர் பொடியை ஒரு தடவையும் என்னை இரண்டு தடவையும் பார்த்தார். கோழிக்கு வைட்டமின் கொடுக்க ஒருத்தன் கடல் தாண்டி விமானத்தில் வருவான் என்று யாராவது சொன்னால் நானும் நம்பமாட்டேன். நல்லவேளை, கம்பெனி கொடுத்த அனுமதிக் காகிதங்கள் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தன. அவற்றை நான் தலைகீழாக எடுத்து நீட்டியதைப் பார்த்து, அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு அனுப்பிவைத்தார்.

நான் கால்நடை மருத்துவன். கால்நடை என்று பொதுவாகச் சொன்னாலும் நாமக்கல்லில் இத்தனை வருடமாக நான் தொட்டதெல்லாம் முட்டைக் கோழிதான். நாய், பூனை, மாடு என்று யாராவது கூட்டி வந்தால் பக்கத்துத் தெரு டாக்டரைக் கை காட்டிவிடுவேன். இப்போது ஒரு தீவனக் கம்பெனிக்குக் கலவை சொல்லும் ஆலோசகர் வேலை. எங்கள் தீவனத்தை வாங்கும் ஒரு பண்ணை ஃபுஜைரா பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே கோழிகள் சாகின்றன, தீவனத்தில்தான் கோளாறு என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். போய்ப் பார்த்து, கோளாறு தீவனத்தில் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு வர வேண்டும் என்பது எனக்கிட்ட கட்டளை. அதாவது, வேறு யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தே ஆக வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் புறப்பட்டிருந்தேன்.

முதல் நாள் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் மைத்துனன் செந்தில் வீட்டில் தங்கல். கணக்கு வேலை பார்க்கிறவன், மனைவி பிள்ளைகளோடு குடியிருக்கிறான். சாயங்காலம் பணம் அனுப்பும் கடைகளின் கூட்டத்துக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய், ஒரு ஹோட்டலில் உட்கார வைத்து, என்னைக் கேட்காமலேயே சிக்கன் பிரியாணி சொல்லிவிட்டான். கோழி டாக்டர்கள் வெளியூரில் கோழி சாப்பிடுவதில்லை. எங்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் அந்தப் பிரியாணியின் வாசனை என் படிப்பையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. எலும்பைக்கூட விடவில்லை. "மாமா, ஊர்ல அக்கா சோறு போடறதில்லையா?" என்றான் செந்தில். அவனுடைய மகளுக்கு நான் சொன்ன கோழி ஜோக் எதுவும் புரியவில்லை. அப்பாவிடம் ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டாள். விளக்கியபிறகும் சிரிக்கவில்லை.

மறுநாள் பஸ். முன் வரிசைகள் பெண்களுக்கு என்று தெரியாமல் உட்கார்ந்து, ஓட்டுநரின் ஒற்றை விரல் அசைவுக்குக் கட்டுப்பட்டுப் பின்னால் போனேன். ஊர் தாண்டியதும் மணல், பிறகு ஒட்டகம், பிறகு மறுபடியும் மணல். திடீரென்று பொசுக்கிய சப்பாத்திக் கல்லின் நிறத்தில் மலைகள் எழுந்து நின்றன. ஒரு பச்சை கிடையாது. நம் கொல்லிமலையின் தோலை உரித்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது. மசாஃபி பக்கம் வெள்ளிக்கிழமைச் சந்தை என்ற இடத்தில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. சந்தை இருக்காதே என்ற தர்க்கத்தின்படி, கம்பளமும் பழமும் மண்பானையும் குவித்த கடைகளைக் கண்ணாரப் பார்த்தும் நான் இறங்கவில்லை. எல்லாக் கிழமையும் அங்கே வெள்ளிக்கிழமைதானாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்று ஃபோன் செய்தேன்.

கூட்டிப்போக வந்தவர் பண்ணை மேலாளர் யோகன். யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும், ஆனால் வயிறு இல்லை. பிக்கப் வண்டியின் பின்னால் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டியிருந்தது. அதற்குள்ளிருந்து வந்த வாடையை எந்தக் கோழி டாக்டரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். செத்த கோழி. செத்து ஒரு நாளாவது ஆன கோழி.

"பின்னாடி என்னங்க இருக்குது?" என்றேன்.

"ஒண்டும் இல்ல, டொக்டர். குப்பை" என்றார் யோகன். சொல்லிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த இடத்தில்தான் என் சந்தேகம் பிறந்தது.

பண்ணை சுத்தமாக இருந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது. நீளமான இரண்டு கொட்டகைகள், ஈரத் தட்டிகள், பெரிய மின்விசிறிகள். வேலைக்கு பங்களாதேஷ்க்காரர்கள் இருவர். யோகன் அவர்களோடு இந்தியில் பேசினார், முதலாளியோடு ஃபோனில் அரபியில் பேசினார், என்னோடு மட்டும் எதையும் முழுதாகப் பேசவில்லை. கோழிகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தினமும் சில சாகின்றன என்றார்.

செத்தவற்றை எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். எந்தப் பண்ணையிலும் நான் முதலில் போய்ப் பார்ப்பது செத்த கோழிக் குழியைத்தான். பண்ணைக்காரர் வாய் பொய் சொல்லும், தீவனக் கம்பெனி வாய் அதைவிட அதிகம் சொல்லும், குழி சொல்லாது. யோகன் தயங்கித் தயங்கிக் காட்டினார். முறையாக வெட்டிய குழி. ஓரத்தில் சுண்ணாம்பு மூட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது. கோழி ஒன்றுகூட இல்லை.

தினமும் கோழி சாகிறது. குழி காலி. பிக்கப்பில் தார்ப்பாய். நான் மெதுவாக ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். செத்த கோழியை மலிவாக வாங்கி மசாலாவில் மறைக்கும் ஹோட்டல்கள் உலகமெங்கும் உண்டு. அந்தக் கணத்தில் ரோலாப் பிரியாணி முழுவதும் என் வயிற்றில் எழுந்து நின்று கையைத் தூக்கியது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டேன். நாக்கை நீட்டி ஃபோன் கேமராவில் பார்த்தேன். செந்திலுக்கு ஃபோன் செய்து, உனக்கு வயிறு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாகப் பசிக்கிறது மாமா என்றான். அது ஆறுதலாக இல்லை. சில நோய்கள் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அடுத்த நாள் மதியத்துக்கு மேல் யோகன் பிக்கப்பைக் கிளப்பாமல், ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியின் பின்வாசல் வழியாக நடந்து போனார். நானும் பின்னால் போனேன். துப்பறிவாளன் போல நடப்பதாக எண்ணம். நடுவில் வழுக்கி விழுந்ததையும், விழுந்த சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். காய்ந்த ஓடைப் படுகை அது. இங்கே வாதி என்கிறார்கள். உருண்டைக் கற்கள், அங்கங்கே முள்மரம். வழி நெடுகப் பண்ணைப் பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு யோகனுக்குப் பின்னால் ஊர்வலம் போயின. அவற்றுக்குப் பின்னால் நான்.

ஒரு மேசை மாதிரித் தட்டையான பாறை. யோகன் சாக்கை அவிழ்த்து இரண்டு செத்த கோழிகளை அதன்மேல் வைத்தார். பூனைகளை அதட்டி விரட்டிவிட்டுத் தள்ளிப் போய்க் குந்தினார். ஹோட்டல்காரன் இங்கே வந்து எடுத்துக்கொள்வான்போல என்று நான் முள்மரத்தின் பின்னால் காத்திருந்தேன்.

ஹோட்டல்காரன் வரவில்லை. மேலே சரிவிலிருந்து ஒரு கல் உருண்டது. பிறகு அந்தக் கல்லுக்கு மேலிருந்த இன்னொரு கல், எழுந்து நடந்து வந்தது.

செம்மண் நிறம். நம்மூர் நாட்டுநாய் உயரம், ஆனால் நாயின் சாயல் துளியும் கிடையாது. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளமாக, எப்போதும் பாயப் போகிற தோரணை. முகத்தில் கண்ணிலிருந்து மூக்குக்கு மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. காதுகள்தான் விசேஷம். கறுத்த காதின் நுனியில் கறுப்பாக நீண்ட முடிக்குஞ்சம். அந்தக் குஞ்சங்கள் தனித்தனியாக அசைந்தன. ஒன்று யோகனைப் பார்த்தது, இன்னொன்று நேராக என்னைப் பார்த்தது.

இதற்கப்புறம் நடந்ததை நான் வேறு விதமாகச் சொல்லலாம். ஆனால் யோகன் சாட்சி இருக்கிறார். நான் ஓடினேன். நடுவில் ஒரு செருப்பு பிரிந்தது. வாதியின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதற்கு இரும்பு ஏணியும் இருந்தன. அந்த ஏணியில் நான் ஏறிய வேகத்தை என் மனைவி பார்த்திருந்தால், முட்டி வலி என்று நான் சொல்லும் எதையும் இனி நம்பமாட்டாள். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் அந்த மிருகம் நான் ஓடியதைச் சட்டையே செய்யவில்லை. கோழியைக் கவ்விக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே பாறையிடுக்கில் அதேபோலக் குஞ்சம் வைத்த சின்ன முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

யோகன் தொட்டியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "இறங்குங்கோ டொக்டர். அவ மனுசரைத் தின்ன மாட்டா" என்றார்.

"அப்ப எதுக்குங்க என்னையப் பாத்துச்சு?"

"நீங்கள் அப்பிடி ஓடினா ஆர்தான் பாக்காம இருப்பினம்?"

இறங்கி வந்து ஒரே செருப்போடு அவர் சொன்னதைக் கேட்டேன். வஷக் என்று இங்கே அரபியில் சொல்கிறார்கள். ஒரு வகைப் பெரிய காட்டுப்பூனை, பாலைவன லின்க்ஸ் என்றும் சொல்வதுண்டு. பனிநாட்டு லின்க்ஸுக்கும் இதற்கும் காதுக் குஞ்சத்தைத் தவிரப் பெரிய சொந்தமில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்த மலைகளில் மிக அரிது. கேமராக்களை மரத்தில் கட்டித் தேடுகிறவர்களுக்கே எப்போதாவதுதான் அகப்படும். கோடையில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கசிவை நக்கிக்கொண்டு நின்றதை யோகன் முதலில் பார்த்திருக்கிறார். எலும்பும் தோலுமாக, கூடவே குட்டி. மேலே ஆடு மேய்க்கிறவர்கள் இரும்புப் பொறி வைத்திருந்தார்கள். ஆட்டை நோக்கிப் போனால் காலை இழந்துவிடும். அதனால் குழிக்குப் போக வேண்டிய கோழியைப் பாறைக்குக் கொண்டுவந்தார். பிக்கப் தார்ப்பாயில் கட்டியிருந்ததும் அதுதான். அன்று என்னை ஏற்றும் அவசரத்தில் இறக்கி வைக்க மறந்துவிட்டாராம்.

எனக்கு முதலில் பெரிய நிம்மதி. பிரியாணிக்கு இதில் சம்பந்தமில்லை. இரண்டாவதாகத்தான் என் படிப்பு மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. செத்த கோழி. எதனால் செத்தது என்று இன்னும் எவருக்கும் தெரியாத கோழி. அதைப் பச்சையாகத் தின்னும் பூனை இனம். பறவைக் காய்ச்சல் வந்த கோழியைத் தின்றால் பூனைகள் சாகும். வீட்டுப் பூனை, புலி, சிங்கம் எதுவும் விலக்கில்லை. நான் யோகனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும்போல் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சொல்ல வேண்டியதாயிற்று. தீவன அறையின் வாசலில் ஒரு சாம்பல் பூனை தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தது. ஊர்வலத்தில் நேற்று முதலில் போன பூனை. எனக்குத் தொண்டை வறண்டது. தொண்டை வறள்வதும் ஒரு அறிகுறி என்று ஞாபகம் வந்ததும் இன்னும் வறண்டது. முகக்கவசத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டு, யோகனைக் கைநீளத் தூரத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அரசாங்கக் கால்நடைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆள் வந்து பார்த்தால் குழி காலியாக இருக்கும். ஏன் என்று கேட்பார்கள்.

யோகன் விரல்களை மடக்கினார். வந்து கேட்டால் பாறையைச் சொல்ல வேண்டும். முதலாளிக்குத் தெரிந்துவிடும். நோய்க் கோழியை வேலிக்கு வெளியே எறிந்தவன் என்று விசாவை முடித்து அனுப்பிவிடுவார். மகளின் மருத்துவப் படிப்பு முடிய இன்னும் காலம் கிடக்கிறது. இதையெல்லாம் அவர் முறையிடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. அதை மறைப்பானேன். நானே இரண்டு கோழிகளை அறுத்துப் பார்த்து, பயமில்லை என்று எழுதிவிட்டு, விமானம் ஏறிவிடலாம். பிறகு என்ன நடந்தாலும் நாமக்கல்லில் தினசரி பேப்பரில் வராது. இந்த நாட்டில் வைத்தியம் பார்க்க எனக்கு அனுமதி கிடையாது, கத்தியைத் தொட்டாலே சிறையோ என்ற பயமும் இருந்தது. அதுதான் என் நேர்மைக்குப் பாதிக் காரணம்.

"மலையில நிக்கிறவவுக்கு வருத்தம் வந்திருக்குமோ?" என்று கேட்டார் யோகன். அவர் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

"தெரியலைங்க. வந்திருந்தா நாம குடுத்ததுதான்."

யோகன் அந்தச் சாம்பல் பூனையைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார். நான் எண்ணைத் தேடிக் கொடுப்பதற்குள் அவரே முதலாளியை அழைத்து, அரபியில் நிதானமாகப் பேசத் தொடங்கிவிட்டார். அதில் வஷக் என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பேசி முடித்து, "கலாஸ்" என்று என்னிடம் சொன்னார். முடிந்தது என்று அர்த்தம். எது முடிந்தது என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே கால்நடைத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சூடான் நாட்டுக்காரர், உயரம், வெள்ளை உடுப்புக்கு மேல் ரப்பர் பூட்ஸ். என் இரட்டை முகக்கவசத்தைப் பார்த்து, இரண்டு போட்டால் நோய் இரண்டு தடவை யோசிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக் குச்சி விட்டுக் கோழிகளிடம் மாதிரி எடுத்தார். பூனையிடமும் எடுத்தார். பண்ணையை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அறைக்குள் படுத்து மனைவிக்கு ஃபோன் செய்து, இன்சூரன்ஸ் காகிதம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொன்னேன். அவள், மஞ்சள் போட்டுப் பால் குடிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காத்திருந்த நாட்களில் பாறைக்கு எதுவும் போகவில்லை. குழியில் சுண்ணாம்பு விழுந்தது. சாம்பல் பூனை செத்துப் போனது. யோகன் அதைத் தானே புதைத்தார். சாப்பாட்டுக்குப் பருப்பும் சோறும், தொட்டுக்கொள்ள அவர் இடித்த தேங்காய்ச் சம்பல். காரம் கண்ணில் தெரிந்தது. சாப்பிடும்போதுகூட அவர் சன்னலுக்கு எதிரே உட்கார்ந்தார். அங்கிருந்து சரிவு தெரியும். சரிவில் எதுவும் தெரியவில்லை.

முடிவோடு டாக்டரம்மா திரும்பி வந்தபோது கூடவே லேண்ட் குரூசரில் முதலாளியும் வந்து இறங்கினார். வெள்ளைத் தாடி, கையில் பிரம்பு. பண்ணையில் அர்பாப் என்றே அழைத்தார்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்றார் டாக்டரம்மா. நான் முகக்கவசத்தில் ஒன்றைக் கழற்றினேன். பிறகு ஒரு கோழியை அறுத்து என்னை அருகில் கூப்பிட்டார். ஈரல் வெண்ணெய்க்கட்டி மாதிரி மஞ்சளாக, கிழிந்து இரத்தம் கட்டியிருந்தது. இந்த வெயிலுக்கு இவ்வளவு கொழுப்பேறும்படி தீவனக் கலவை சொன்னது யார் என்று கேட்டார். நான் இருமினேன். அது தொடர்பாகக் கம்பெனியோடு நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். ஊரெல்லாம் குற்றவாளியைத் தேடியவன் கடைசியில் தன் சட்டைக் காலரையே பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஆனால் பூனை செத்தது வேறு நோயில். பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ். கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமல் உட்காருவது அதன் அடையாளமாம். கோழி டாக்டருக்கு எப்படித் தெரியும். அது காட்டுப்பூனை இனங்களையும் தாக்கும். குட்டிகளை விடவே விடாது. கோழியை வைத்த அதே பாறையில் பண்ணைப் பூனைகள் நக்கின, கழித்தன, பிறகு வஷக் வந்து தின்றது. மலையில் தனியாகத் திரிந்தவளை நோய்க்காரர்களோடு ஒரே தட்டில் உட்கார வைத்திருந்தோம். பூனைகளைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு, இனப்பெருக்கத்தையும் நிறுத்தி, வேலிக்குள் வைப்பதாக டாக்டரம்மா சொன்னார். பாறையில் மருந்து தெளித்துக் கழுவினார்கள். ஆட்டுக்காரர்களிடம் பொறிகளை எடுக்கச் சொல்வது தன் வேலை என்றார். உங்கள் வேலை ஒன்றே ஒன்று, அவள் இங்கே இனி வரக்கூடாது என்று யோகனிடம் சொன்னார்.

அர்பாப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்காக அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார். தன் தகப்பனார் காலத்தில் வஷக்கைக் கொன்றால் வழியோரத்து மரத்தில் தொங்கவிடுவார்களாம், மற்றவை பார்த்துப் பயப்படட்டும் என்று. இப்போது பேரன் பள்ளிக்கூடத்தில் அதையே படம் வரைந்து பரிசு வாங்குகிறான் என்று சொல்லிச் சிரித்தார். யோகன் இருக்கட்டும் என்றார். இன்னும் ஒரு கோழி வேலியைத் தாண்டினால் கலாஸ் என்றார். நான் மூச்சு விட்டேன். அப்புறம் வண்டியில் ஏறப் போனவர் திரும்பி, குட்டி எவ்வளவு பெரியது, கையில் தூக்கலாமா என்று கேட்டார்.

வீட்டில் வைத்தால் சிறை என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். சும்மா கேட்டேன் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் வண்டி வளைவில் மறையும்வரை யோகனும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சும்மா கேட்டிருப்பார்" என்றேன்.

"ஓம். சும்மாதான்" என்றார் யோகன். "குட்டி வடிவா இருக்கெண்டு போன கிழமை என்னட்டக் கேட்டவனும் சும்மாதான் கேட்டவன்." மேலே ஆடு மேய்ப்பவர்களில் ஒருவன். குட்டி அழகாக இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது என்று அவன் சொன்னதை யோகன் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் எனக்கு விமானம். கடைசிச் சாயங்காலம் பிக்கப்பை வாதிக்குள் இறக்கி, பாறை தெரிகிற தூரத்தில் நிறுத்தினோம். உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவிட்டால் போதும் என்றார் யோகன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் மலையின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இருந்த சிப்ஸ் பாக்கெட்டை நான் சத்தமில்லாமல் பிரிக்க முயன்றேன். அந்த நாட்டில் அவ்வளவு சத்தமாக எதுவும் பிரிக்கப்பட்டிருக்காது. யோகன் என்னைப் பார்த்த பார்வையில் பாக்கெட்டை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

வந்தாள். பின்னாலேயே குட்டியும். இரண்டும் நிமிர்ந்த நடை. யோகன் என் தொடையை இறுகப் பிடித்தார், கையை எடுக்கவே இல்லை. அவள் பாறைமேல் ஏறி, வெறுங்கல்லை மோந்தாள். கழுவிய இடத்தை நக்கினாள். மருந்து வாடையில் தலையை உதறினாள். சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள், சாப்பாட்டு நேரத்துக்கு வந்து மேசையில் உட்காருகிறவர்களைப் போல. குட்டி அவள் வாலைக் கடித்தது. விலா எலும்புகள் தெரிந்தன.

"அவவுக்குப் பசி, டொக்டர்."

என்னைப் பற்றி எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஒரே ஒரு கோழி என்று நானே சொல்லிவிடுவேன்.

யோகனின் இடது கை கதவின் பிடிக்குப் போனது. பின்னால் எதுவும் இல்லை, கொடுக்க ஒன்றுமில்லை. இறங்கி என்ன செய்யப் போகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் எட்டி, அவர் பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். நான்கு கதவுகளும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்துக்குக் குஞ்சங்கள் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின.

அவள் எழுந்தாள். எங்களை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். தண்ணீர்த் தொட்டி ஞாபகம் எனக்கு வரவில்லை என்றால் பொய். அப்போது அவளுக்குப் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு கௌதாரி விர்ரென்று கிளம்பியது. ஓட்டம் எதுவும் இல்லை, நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே போனாள், வண்டிக் கூரை உயரத்துக்கு. காற்றில் உடம்பைத் திருப்பி முன்கையை வீசினாள். நான்கு இறகுகள் பறந்தன. கௌதாரி தப்பித்துக்கொண்டது. அவள் வந்து இறங்கிய இடத்தில் சத்தமே இல்லை.

யோகனிடமிருந்து ஒரு மூச்சு வெளிவந்தது.

கௌதாரி போன திசையைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு பாறைக்குத் திரும்பாமல் அந்தத் திசையிலேயே சரிவில் ஏறினாள். குட்டி இறகுகளை மோந்துகொண்டு பின்தங்கி நின்றது. அவள் மேலிருந்து அடித்தொண்டையில் ஏதோ சொன்னாள். அதுவும் ஓடியது. கல்லோடு கல்லாக இரண்டும் கலந்துபோன பிறகும் யோகன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டினம். இனித் திறவுங்கோ" என்றார்.

"இன்னுங் கொஞ்சம் மேல போகட்டுங்க" என்றேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.